கருப்பட்டி ஒண்ணும் செய்யாது

சோப்பு கூடாது. பேஸ்ட் கூடாது. பிஸ்கட் கூடாது, சீனி போட்ட எதுவுமே கூடாது. பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி குறுக்குத்துறை வரை ஆற்றை ஒட்டியே நாலு நாள் நடப்பது என்று முடிவானதும் அக்காவுக்கு நான் போட்ட சட்டம் இது. அவளுக்கு ஐம்பத்தாறு வயது, எனக்கு ஐம்பத்திரண்டு. சின்ன வயதிலிருந்தே எங்கள் இரண்டு பேரில் சட்டம் போடுகிறவள் நான், கேட்கிறவள் அவள்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்ற நேரமெல்லாம் இயற்கை வாழ்வைப் பற்றி ஊருக்கு உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் அதற்கென்று ஒரு குழு. காலையில் எழுந்ததும் எதைக் குடிக்கலாம், எதைத் தலையில் தேய்க்கலாம், எந்த மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்று நான் எழுதுவேன். நூற்றுச் சொச்சம் பேர் கைகூப்புகிற படம் போடுவார்கள். எனக்கும் தலைகால் புரியாமல்தான் இருந்தது.

பங்குனி மாதம். விக்கிரமசிங்கபுரத்தில் அக்கா வீட்டில் வைத்துத்தான் முதுகுப்பைகளைக் கட்டினோம். ஆளுக்கு ஒரு படி சிவப்பு அவல், பொரிகடலை, நாலு எலுமிச்சம்பழம், உப்பு, சுக்கு, மோர்மிளகாய். உடன்குடியிலிருந்து வரவழைத்த கருப்பட்டி ஏழெட்டு வட்டு. இன்னொரு துணிப்பையில் சீயக்காய்ப் பொடி, பாசிப்பயற்றுமாவு, மஞ்சள், ஒரு சின்னப் போத்தலில் நல்லெண்ணெய், கட்டாகக் கட்டிய வேப்பங்குச்சி. மாற்றுச் சேலை ஒன்று, துண்டு ஒன்று. மனுஷிக்கு இதற்கு மேல் எதற்கு என்று நான் பெருமையாகப் பையைத் தூக்கிப் பார்த்தேன்.

அக்கா உள்ளே போய் ஒரு காகித உறையை எடுத்துக்கொண்டு வந்தாள். எட்டு வருஷமாக அவளுக்குச் சுகர்.

"மாத்திரைய எடுத்து வச்சுக்கிடட்டுமாட்டி?"

"எதுக்குக்கா? பகலெல்லாம் நடக்கப் போறோம். திங்கப் போறது அவலும் பழமும். அது தானா இறங்கிரும். நாலு நாளைக்கு அந்த வெசத்தை ஒதுக்கித்தான் வையேன்."

"கருப்பட்டி இனிப்புல்லா?"

"சீனிதான் கெடுதல். கருப்பட்டி ஒண்ணும் செய்யாது."

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாத வீடு கிடையாது. சுகர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மறுநாளே சீனி டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, கடைக்குப் போய் ஒரு சிப்பம் கருப்பட்டி வாங்கி வருவார்கள். காப்பியில் முன்பைவிட ஒரு கை கூடவே போட்டுக் குடிப்பார்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் மற்றவர்கள் தங்கள் காப்பியோடு நிறுத்திக்கொண்டார்கள். அக்கா அந்த உறையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அத்தான், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீ கூட இருக்கேல்லா, எனக்கென்ன கவலை" என்றார் என்னிடம். அவர் ஒரு அதட்டு அதட்டியிருக்கலாம் என்று நினைத்து இப்போதும் எனக்கு அவர்மேல் கோபம் வரும். நான் செய்ததற்கு அவர்மேல் கோபம், பாருங்கள்.

முதல் நாள் அம்பாசமுத்திரம் வருவதற்கே உச்சியாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் குறைந்து, பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. படித்துறையில் ஆள் இல்லை. தூக்குச்சட்டியில் அவலை நனைத்து, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்துவிட்டுக் குளித்தோம். அக்காவின் தலையில் நான்தான் சீயக்காய் தேய்த்துவிட்டேன். கழுத்துக்குக் கீழே முதுகு எலும்பு கையில் தட்டியது. எப்போது இவ்வளவு இளைத்தாள் என்று ஒரு கணம் தோன்றியது. நல்லதுதானே, இன்னும் நடந்தால் இன்னும் இறங்கும் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

குளித்து ஏறினால் பாறை கொதிக்கிறது. எனக்குப் பாதம் பொசுங்கி, துண்டை விரித்து அதன்மேல் ஏறிக் குதித்தேன். அக்கா நட்டநடுப் பாறையில் நின்று தலையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அசையவே இல்லை.

"யக்கா, சுடலையா?"

"சுடவா செய்யுது? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அப்படியே நிற்கச் சொல்லிப் படம் எடுத்தேன். ஈரத்தலையும் கையில் அவல் சட்டியுமாக, கால்மாட்டில் வெயில் மினுங்க, அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். 'செருப்பில்லாத காலுக்கு மண்ணே மருந்து' என்று எழுதிக் குழுவில் போட்டேன். மறுபடியும் கைகூப்புகள். ஒருவர், அம்மாவின் பாதத்தைத் தொட்டு வணங்குகிறேன் என்று எழுதியிருந்தார். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன், வெட்கப்பட்டாள். அந்தப் பாறையில் அவள் நின்றது பத்து நிமிஷத்துக்குக் குறையாது.

அன்றைக்குக் கல்லிடைக்குறிச்சியில் என்னோடு படித்தவள் வீட்டில் தங்கினோம். காலையில் கொல்லைப்பக்கம் போனபோது தென்னை மூட்டில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. கருகருவென்று, வரிசை வரிசையாக. அக்காதான் எனக்கு முன்னால் அங்கே போய்விட்டு வந்தவள். கருப்பட்டித் துண்டு எதையாவது சிந்திவிட்டாளாக்கும் என்று நினைத்தேன். இத்தனைக்கும் சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் என்ன அர்த்தம் என்று குழுவில் மற்றவர்களுக்கு விளக்கியவள் நான். பக்கத்தில் இருக்கிறவளுக்கு அது பொருந்தும் என்று தோன்றவில்லை.

இரண்டாம் நாள் தண்ணீர் தண்ணீர் என்று பறந்தாள். என் போத்தலையும் சேர்த்துக் குடித்தாள். "அணையில தண்ணி மிச்சம் வைப்பியா மாட்டியாக்கா?" என்று கேலி பண்ணினேன். திருப்புடைமருதூருக்குப் போகும் வழியில் பனையேறிகளின் ஓலைக்குடிசையான விடிலி ஒன்றில் பதனீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஓலைப்பட்டையில் ஒன்று குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். இன்னொன்று குடிக்கலாமா என்று கேட்கிற பார்வை. "குடி, குடி. மரத்துல இருந்து வருதது, உடம்பைக் குளுர வைக்கும்" என்றேன். மூன்று பட்டை குடித்தாள். விற்ற அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒங்களுக்கு மேலுக்கு ஏதும் சரியில்லையாம்மா? கண்ணெல்லாம் குழி விழுந்து கெடக்கே. பஸ்ஸு இப்ப வரும், ஏறிப் போயிருங்க."

"நடக்கணும்னுதான வந்திருக்கோம்" என்று நான் வெடுக்கென்று சொன்னேன். அவளை யார் எது கேட்டாலும் நான் பதில் சொல்வது எங்களுக்குப் பழக்கம்.

சாயங்காலம் ஆற்றில் கால் நனைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன். வலது காலின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கொப்பளித்து, உடைந்து, தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சிவப்பு. எப்போது உடைந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் சின்னச் சின்ன மீன்கள் வந்து அப்பிக்கொண்டிருந்தன. என் காலுக்கு ஒன்றோ இரண்டோதான் வந்தன. அவள் காலுக்கு ஒரு கூட்டமே வந்து கொத்தி இழுத்தது. அக்கா அதைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்காக்கா?"

"கொஞ்சங்கூட இல்லட்டி."

இதை நான் மறைக்கப் போவதில்லை, அப்போதே எனக்குப் பயம் வந்தது. பயத்தோடு என்ன செய்தேன் என்பதுதான் விஷயம். வலி இல்லையென்றால் காயம் பெரிதில்லை, மீன் அழுக்கைத் தின்று சுத்தப்படுத்துகிறது என்று அவளுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்தது. கரையில் வேப்பிலை பறித்து, மஞ்சளோடு கல்லில் வைத்து நசுக்கி, எண்ணெய் விட்டுக் குழைத்து அப்பி, என் பழைய சேலையில் கிழித்த துணியால் கட்டினேன். ரோட்டோரத்தில் ஒரு மருந்துக்கடை இருந்தது. அதைத் தாண்டித்தான் திருப்புடைமருதூரில் தங்குகிற வீட்டுக்குப் போனோம்.

மூன்றாம் நாள் சேரன்மகாதேவிக்கு நடந்தோம். செருப்பு வார் கட்டில் இடிக்கிறது என்று அக்கா செருப்பைப் பையில் போட்டுக்கொண்டாள். வரப்பு, சேறு, கருவேல முள் கிடக்கும் வண்டித்தடம் எல்லாவற்றிலும் அந்தக் கட்டோடு நடந்தாள். பேச்சு குறைந்துவிட்டது. பத்தடிக்கு ஒருமுறை நின்றாள். "பைய போவோம்ட்டி" என்று மட்டும் சொன்னாள். முக்கூடல் தாண்டியதும் ஒரு வாடை வர ஆரம்பித்தது. ஊறி, கெட்டு, இனிப்பும் அழுகலும் கலந்த வாடை. அவல்தான் புளித்துவிட்டது என்று தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்படியும் அத்தனையையும் ஆற்றோரம் கொட்டினேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். பையை உதறினேன், ஈரத்துண்டைப் பிழிந்தேன். வாடை போகவில்லை. அக்கா மரத்தடியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் மோந்து பார்க்காதது ஒன்றே ஒன்றுதான். அதன் பக்கத்தில் குனிய எனக்குத் தைரியம் வரவில்லை.

சேரன்மகாதேவியில் என் கூட வேலை பார்க்கிறவள் வீடு. அவள் மருமகள் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நாங்கள் வாசல் ஏறும்போதே அந்தப் பெண் மூக்கைச் சுருக்கினாள். அக்காவை உட்காரவைத்து, நான் தடுக்கத் தடுக்கக் கட்டை அவிழ்த்தாள். மஞ்சள் பச்சையாகி இருந்தது. இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. உள்ளே ஒரு கருவேல முள், அடி வரைக்கும் ஏறி முறிந்து, அப்படியே இருந்தது. அன்று முழுக்க அந்த முள்ளோடுதான் நடந்திருக்கிறாள்.

"பெரியம்மா, இது வலிக்கலையா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா, ஒரு பெருமையோடு.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "சுகர் இருக்கவங்களுக்குக் காலு மரத்துப் போயிரும். வலிக்கலைன்னாதான் பயப்படணும். நீங்க நல்லதுன்னா நெனச்சிய? மாத்திரை எங்க?"

மாத்திரை சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. அவள் ஒரு கருவியை எடுத்து அக்காவின் விரல்நுனியில் குத்திப் பார்த்தாள். எண்ணே வரவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. அரை மணி நேரத்தில் நாங்கள் ஒரு காரில் இருந்தோம். நாலாம் நாள் நடக்க வேண்டிய பாதையை இருபது சொச்சம் நிமிஷத்தில் கடந்தோம். அக்கா என் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் கறுத்த விரல்களை எடுத்தார்கள். அத்தான் வந்தார், கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானாகத்தான் மாத்திரையை வைத்துவிட்டு வந்ததாக அக்கா டாக்டர்களிடம் சொல்லியிருந்தாள். நான் அத்தானை வராந்தாவுக்குக் கூட்டிப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்லிட்டேன்னு அவகிட்ட சொல்லாத, வருத்தப்படுவா" என்றார். அதற்குப் பதிலாக என்னை அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது. ஐந்தாம் நாள் கறுப்பு கணுக்காலைத் தொட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், நாளைக் காலைக்குள், இல்லையென்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் அக்காவிடமே சொன்னார். தாளையும் பேனாவையும் கட்டிலில் வைத்தார்.

அக்கா தாளைத் தொடவில்லை. டாக்டரைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஏட்டி, இவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நீதான எப்பவும் சொல்லுவ. வேற பச்சிலை எதாவது இருக்கும்லா? நீ சொல்லு. நீ வேண்டாம்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அறையில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் நாக்கு புரண்டது.

"ஒண்ணும் இல்லக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. எடுக்கட்டும்."

அவள் என்னை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ தூரத்துச் சொந்தக்காரியைப் பார்ப்பதுபோல. பிறகு, "சரி" என்று சொல்லிப் பேனாவை எடுத்தாள், பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே முத்து முத்தான எழுத்தில் பெயரை எழுதினாள்.

இப்போது செயற்கைக் காலோடு நடக்கிறாள். வாரா வாரம் போய்ப் பார்க்கிறேன், சிரித்துப் பேசுகிறாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொல்கிறாள். சாப்பிடும் நேரம் வந்தால் மட்டும் தட்டில் எதை வைக்கட்டும் என்று அத்தானைக் கேட்கிறாள். என்னைக் கேட்பதில்லை.