முப்பத்தேழு பின்கள்

மதலைமுத்து குனிந்தால் நிமிர ஒரு யுகம் ஆகும். ஸ்ரீராம்புரத்தில் முப்பது வருடமாகப் பழைய கம்ப்யூட்டர்களின் முன் குனிந்தே கிடந்த முதுகு. செத்த கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தே, அது எந்த வருடத்து மழையில் நனைந்தது என்று சொல்லிவிடுவார். இதில் பாதியை நம்பினால் போதும்.

போன ஆடியில் ரூபினி வந்து நின்றாள். தெருக்கோடியில் ஆறு பெண்களை வைத்து எம்பிராய்டரி போடுகிறவள். அவளுடைய மிஷினை ஓட்டுவது இருபத்தெட்டு வயதுக் கம்ப்யூட்டர். இரண்டையும் இணைக்கும் கனெக்டரில் பின்கள் துருவேறி ஒடிந்துவிட்டன. மல்லேஸ்வரம் கடைக்கு ஆவணி முகூர்த்த ரவிக்கைகள் வெள்ளிக்கிழமை போய்ச் சேராவிட்டால், இனி வேலை வேறு யூனிட்டுக்கு என்று சொல்லிவிட்டார்களாம். அப்புறம் ஆறு பேரும் வீட்டில்தான்.

அந்தக் கனெக்டர் மிஷின் கம்பெனி தனக்கென்று வார்த்த வடிவம். கம்பெனியே இன்று இல்லை. மதலைமுத்து எலக்ட்ரானிக் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினார். மியூசியத்துக்கா என்று ஒருவன் கேட்டான். கடைசியில் கால் வீங்கி, பழைய சாமான் குடோன் நாகேஷிடம் போய் உட்கார்ந்தார்.

நாகேஷ் அவர் நீட்டிய கனெக்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணா, பதினஞ்சு வருஷம் முன்னாடி இதுமாதிரி ஒரு மூட்டை கொண்டாந்து போட்டது நீங்கதானே?”

அவர்தான். வீட்டில் கால் வைக்க இடமில்லை என்று அன்று எடைக்குப் போட்டிருந்தார். பின்களில் பூசிய தங்கத்துக்காக அவற்றை வாங்கி ஆசிட்டில் கரைப்பவர்கள் உண்டு.

“அதெல்லாம் இப்ப எவ காதுல கம்மலா தொங்குதோ,” என்றான் நாகேஷ்.

மதலைமுத்துவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. குவியலைக் கிளறி வேறு வடிவக் கனெக்டர் ஒன்றை எடுத்தார். கூடு பொருந்தாது, பின்களின் தடிமன் மட்டும் அதேதான். ஐம்பது பின்கள் இருந்தன.

குடைக்கம்பியை ராவி ஒரு கருவி செய்துகொண்டு, பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ரூபினியின் பழைய கூட்டில் கோத்தார். பிடுங்கும்போதே பதின்மூன்று ஒடிந்தன. சரியாக முப்பத்தேழு மிஞ்சின, அத்தனையும் வேண்டியிருந்தது. இரண்டு நாள் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை ரூபினி சீக்கிரம் மாட்டச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் மாட்டவில்லை. ஒரு பின் இடம் மாறி மின்சாரம் பாய்ந்தாலும் கம்ப்யூட்டர் கருகிவிடும். மீட்டரை வைத்து ஒவ்வொரு பின்னிலும் ‘பீப்’ கேட்டார். பத்தொன்பதாவது பேசவில்லை. கழற்றி, மறுபடி கோத்து, மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

முப்பத்தேழும் பேசிய பிறகே மாட்டினார். மிஷின் கடகடவென்று மாங்காய்க் கரையைப் போட ஆரம்பித்தது. பெண்கள் மீதமிருந்த ரவிக்கைத் துணிகளோடு ஓடி வந்தார்கள். மதலைமுத்து சுவரோரம் சாய்ந்துவிட்டார்.

“இன்னும் எவ்ளோ வருஷம் தாங்கும்ணா?” என்று கேட்டாள் ரூபினி.

“கழட்டாத வரைக்கும் தாங்கும். பெருக்கறப்பகூட அதைத் தொடாதம்மா. இன்னொரு வாட்டி கோக்க என்கிட்ட பின்னும் இல்ல, கண்ணும் இல்ல.”

அவள் ஒரு வெட்டுத்துணியைக் கிழித்து, கனெக்டர் அசையாதபடி மேஜைக்காலோடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சு சரியா என்று கேட்கத் திரும்பினால், அவர் அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போயிருந்தார்.