ரோடு யார் பேச்சைக் கேட்கும்?

"முன்னால போறவன் லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டிருக்கான். என்ன அர்த்தம்?" என்று கேட்கிறார் டிரைவிங் ஸ்கூல் அக்கா, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டியபடி.

"லெஃப்ட்ல திரும்பப் போறான்," என்கிறார் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்திருக்கும் மாணவர்.

"தப்பு. இண்டிகேட்டர் எரியுதுன்னு அர்த்தம். அவ்ளோதான்."

அந்த வண்டி நேரே போகிறது. அக்காவின் முகத்தில் பெருமிதம் துளியும் இல்லை. ஞானிகளுக்கு அது வழக்கமில்லை.

அக்காவின் அகராதியில் 'நிச்சயம்' கிடையாது. 'அநேகமா' மட்டுமே உண்டு. பச்சை விளக்கென்றால், "அநேகமா போகலாம்." பந்து உருண்டு வந்தால், "பின்னாடியே அநேகமா ஒரு பிள்ளை." மதியம் கணவர் கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறக்கும்போதும், "அநேகமா உப்பு போட்டிருப்பார்."

அந்தக் கணவர்தான் மேற்படி மாணவர். தொழில், கணக்குத் தணிக்கை. சரிபார்க்காமல் தும்மக்கூட மாட்டார். சந்திப்பு வந்தால் வண்டியை நிறுத்தி, வலம், இடம், மறுபடி வலம் பார்த்து, காலியான சாலையையும் சந்தேகிப்பார்.

"யாரும் வரமாட்டாங்கன்னு உறுதியாச் சொல்லு, எடுக்கிறேன்."

"நான் என்ன ரோட்டைப் பெத்தவளா? பாத்தாச்சுல்ல, போங்க. வந்தா நிறுத்திக்கலாம்."

"வந்தாவா!"

அதற்குள் பின்னால் ஹாரன் கச்சேரி களைகட்டிவிடும். என் முறைக்காகப் பின் சீட்டில் காத்திருந்து காத்திருந்தே எனக்குப் பாதி டிரைவிங் வந்துவிட்டது.

இப்படி நின்று நின்றே மூன்று முறை லைசென்ஸ் தேர்வில் தோற்றிருக்கிறார் மனிதர். இப்போது அலுவலகத்தில் வெளியூர்க் கிளைகளைச் சுற்றிவரும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இந்த மாதத்துக்குள் லைசென்ஸ் இல்லையென்றால் வேலையும் இல்லை.

"வேலை போயிடுச்சுன்னா?" என்று அவர் கேட்டதற்கு அக்கா, "போனா வேற தேடலாம். அதுவரைக்கும் வீட்ல உப்பைச் சரிபாருங்க," என்றார்.

இன்று நான்காவது தேர்வு. பக்கத்தில் தேர்வு அதிகாரியோடு வண்டி கிளம்பியது. அக்காவும் நானும் சாலையோர பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"பாஸாயிடுவாராக்கா?"

"யாருக்குத் தெரியும்? வர்றது வரட்டும்," என்று கொட்டாவி விட்டார்.

வண்டி சந்திப்பை அடைந்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

ஏதோ நறநறவென்று சத்தம் கேட்கவே குனிந்து பார்த்தேன். அக்காவின் வலது செருப்பு, இல்லாத ஆக்ஸிலரேட்டர் ஒன்றை மண்ணுக்குள் மிதித்துக்கொண்டிருந்தது.

மெல்ல வண்டி அசைந்தது, சந்திப்பைக் கடந்தது, வளைவில் திரும்பி மறைந்தது.

அக்கா இன்னும் காலை எடுக்கவில்லை.