ஆற்றோடு போன செருப்புகள்

என் மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவதற்குள் தினமும் எனக்கும் அவளுக்கும் ஒரு சின்னச் சண்டை நடக்கும். போகிற வழியில் அவள் எதையாவது பார்த்து நின்றுவிடுவாள். நேற்று எதிர்வீட்டு ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர். சொட்டிச் சொட்டி மண்ணில் ஒரு குழி விழுந்திருந்தது. குழிக்குள் துளி வானம் தெரிந்தது. சீருடையோடு அதன் பக்கத்தில் குந்திவிட்டாள். "வேன் போய்டும்டி, எழுந்திரு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்த பிறகு, இழுத்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது. குழந்தையின் ஆர்வத்தைக் கெடுக்கக் கூடாது என்று படித்திருக்கிறேன். நேரத்துக்குக் கிளம்பும் பழக்கத்தைச் சிறுவயதிலேயே கற்றுத்தர வேண்டும் என்றும் படித்திருக்கிறேன். இரண்டையும் ஒரே வாரத்தில் படித்ததுதான் வினை.

ஆனால் "போய்டும்" என்ற அந்தக் குரல் தாயான பிறகு எனக்கு வந்ததல்ல. இரண்டாம் வகுப்பிலேயே என்னிடம் இருந்தது. அப்போது நான் அதட்டியது என் அம்மாவை.

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றின் வடகரையில் எங்கள் வீடு. அம்மா ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். கம்பெனி வண்டி தென்கரையில், மெயின் ரோட்டில்தான் வந்து நிற்கும். தெருப் பெண்கள் எல்லோரும் காலையில் கூட்டமாக ஆற்றைக் கடந்து போவார்கள். கடப்பது என்றால் மணலில் நடப்பது. ஆறு என்றால் எனக்கு மணல்தான். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஆடுகள் மேயும், லாரிகள் வந்து அள்ளிப்போன இடங்களில் பெரிய பெரிய பள்ளங்கள் இருக்கும். அதில் தண்ணீர் ஓடியதாகப் பெரியவர்கள் சொன்னதை, அவர்கள் சொல்லும் பேய்க் கதைகளோடு சேர்த்து வைத்திருந்தேன்.

அது காலாண்டு லீவு. அம்மா என்னை ரோட்டோரம் இருந்த பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வண்டி ஏறுவதாக ஏற்பாடு. சாதாரண நாளாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஷூ வாங்குகிற வெள்ளைக்காரர்கள் அன்று கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள். தையல் பிரிவில் சூப்பர்வைசர் இடம் காலியாக இருந்தது. அவர்களுக்கு வேலையைக் காட்டி விளக்க அம்மாவைத்தான் மேனேஜர் நிற்கச் சொல்லியிருந்தார். நன்றாக நடந்தால் அந்த இடம் அவளுக்கு. மற்றவர்களுக்கு நீலக் கோட்டு, சூப்பர்வைசருக்கு மட்டும் மாம்பழ நிறக் கோட்டு. என் அம்மா மாம்பழக் கோட்டு போடப்போகிறாள் என்று தெரு முழுக்க நான் சொல்லி முடித்திருந்தேன்.

ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடித்து வந்த களைப்பில் அப்பா கட்டிலில் படுத்தபடியே வெள்ளைக்காரராக நடிப்பார். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "குட் மார்னிங் சார், வெல்கம்" என்பாள். சத்தம் பத்தவில்லை என்று நான் திருத்துவேன். வெள்ளைக்காரர் அதற்குள் குறட்டை விட்டிருப்பார்.

அன்று காலை அம்மா இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டி, தலைநிறைய மல்லிகை வைத்திருந்தாள். பாதி மணலைத் தாண்டியிருப்போம். எங்களோடு வந்த பக்கத்து வீட்டு ஆபா நின்றார். உருது பேசும் வீடு அவர்களுடையது. தெருவுக்கே அவர் அக்கா, ஆகவே எல்லோருக்கும் ஆபா. கம்பெனியில் அம்மாவுக்கு அடுத்த மெஷின்.

"ஏய், அது இன்னா அது?"

மேற்கே மணலின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. ஒரு கரிய கோடு. சத்தமே இல்லை. யாரோ பாயை மெதுவாக விரித்துக்கொண்டு வருவதுபோல் அந்தக் கோடு எங்களை நோக்கி வந்தது. கிட்டே வரவர, அதன் விளிம்பில் நுரையும் சருகும் ஒரு தேங்காய்த் தொட்டியும் தெரிந்தன. பள்ளம் வந்தால் அது நிற்கும். பள்ளத்தை நிரப்பும். கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு மறுபடி நகரும். எங்கள் ஊரில் எப்போதும் இருக்கும் தோல் வாடையை விலக்கிக்கொண்டு ஈர மண் வாசனை வந்தது. எங்கள் பக்கம் மழையே இல்லை. எங்கோ மேலே பெய்த மழை.

"தண்ணிடி! ஆத்துல தண்ணி வருதுடி!"

"யா அல்லா, நெஜமாவே வருது!"

கோயில் வாசலில் விடுவதுபோல் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் பின்னால் வரிசையாக விட்டார்கள். கரையில் வண்டி வந்து நின்றுவிட்டது எனக்குத் தெரிந்தது.

"ம்மா, வண்டி வந்துடுச்சி."

"இருடி, ஒரு நிமிஷம்."

அம்மா தலையிலிருந்த மல்லிகையை அவிழ்த்தாள். வெள்ளைக்காரர்களுக்காக வைத்த பூ. தண்ணீரின் விளிம்பில் அதை வைத்தாள். பூவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வந்தது. அம்மா அதன் முன்னால் பின்பக்கமாகவே நடந்தாள். நடை பழகும் குழந்தையைக் கூப்பிடுவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டி, "வா, வா, வாடா கண்ணு" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கரையிலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"ம்மா, வண்டி போய்டும்!"

"பேஜார் புடிச்சவளுங்க. தண்ணியே பாக்காத மாதிரி" என்று ஒரு அக்கா மட்டும் செருப்பைக் கழற்றாமல் விடுவிடுவென்று கரையேறிப் போனாள்.

"நாம எங்கடி பாத்தோம்?" என்று ஆபா கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் எங்கள் காலைத் தொட்டது. குளிரும் என்று பயந்து நான் காலைத் தூக்கினேன். குளிரவில்லை. விரல்களுக்கிடையே மணல் கரைந்து ஓடியது கூச்சமாக இருந்தது. நிற்கும் இடம் நகர்கிறதா, நான் நகர்கிறேனா என்று தெரியவில்லை. அம்மாவின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பிடித்திருந்த கை மட்டும் நடுங்கியது. அவளுக்குக் குளிர்கிறது போல என்று நினைத்தேன்.

ஹாரனை அழுத்திப் பார்த்துச் சலித்த டிரைவர் அண்ணன் மணலில் இறங்கி வந்தார். "இன்னாம்மா நெனச்சிகினு இருக்கீங்க, இன்னிக்குன்னு பாத்து..." என்று கத்திக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டுத் தானும் செருப்பைக் கழற்றினார்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. போகலாம் என்று திரும்பினால் செருப்பு வரிசையைக் காணோம். நாங்கள் மேற்கேயே பார்த்துக்கொண்டிருக்க, மணல் பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் சுற்றிக்கொண்டு பின்னாலும் வந்துவிட்டிருந்தது. ரப்பர் செருப்புகள் வாத்துக் கூட்டம்போல் ஆடி ஆடி வேலூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. டிரைவருடையதும் கூடவே. காய்ந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் வரும் என்பதே தெரியாது. வந்தது ஆளைத் தாண்டிப் பின்னாலும் போகும் என்று எப்படித் தோன்றும்?

என்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, ஈரப் புடவையும் வெறுங்காலுமாக அவர்கள் வண்டி ஏறினார்கள். மிச்சத்தைச் சாயங்காலம் ஆபா சொன்னார். அவர்கள் போய்ச் சேரும்போது வெள்ளைக்காரர்கள் உள்ளே வந்துவிட்டிருந்தார்கள். வெறுங்காலோடு யாரும் மெஷின் பக்கம் போகக் கூடாது. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு, விருந்தாளிகள் கிளம்பும்வரை எல்லோரையும் அட்டைப்பெட்டி அடுக்கிய அறையில் ஒளித்து வைத்தாராம். "ஷூ கம்பெனிக்கு செருப்பில்லாம போன மொத ஆளுங்க நாங்கதான்" என்று ஆபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விடுவிடுவென்று போன அந்த அக்காதான் வெள்ளைக்காரர்களுக்கு வேலையைக் காட்டினாளாம். மாம்பழக் கோட்டு அவளுக்குப் போனது.

என்னைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது ஆற்றுக்குள் இறங்க முடியாது. பாலம் வழியாகச் சுற்றி வந்தோம். பாலத்தில் திருவிழாக் கூட்டம். கீழே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பழுப்பு நிறத்தில் தண்ணீர். வெயில் சாய்ந்து அதன்மேல் விழுந்து, பாலம் மொத்தமும் மிதந்து போவதுபோல் இருந்தது. அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஒரு வாரம் ஒத்திகை பார்த்த குரலில், சத்தமாக, ஆற்றைப் பார்த்துச் சொன்னாள்:

"குட் மார்னிங் சார், வெல்கம்!"

ஆபா சிரித்தார். பக்கத்திலிருந்த முகம் தெரியாதவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தானே. வீடுவரை அவள் கையைப் பிடிக்காமலே வந்தேன். பொறுப்பில்லாத அம்மா எனக்கு வாய்த்திருக்கிறாள், நானாவது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நடந்துகொண்டே முடிவு செய்தேன். அதிலிருந்து இன்றுவரை நான் எந்த வண்டியையும் தவறவிட்டதில்லை.

நேற்று மகளை வேன் ஏற்றிவிட்டு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஆத்துல தண்ணி வந்துச்சே, அன்னிக்கு... அந்த சூப்பர்வைசர் வேல மேல உனக்கு ஆசையே இல்லையாம்மா?"

"ஆசையில்லையாவா? நல்லா கேட்டடி. கோட்டுக்கு அளவே குடுத்துட்டு வந்திருந்தேன்."

"அப்புறம் ஏன் நின்ன?"

அம்மா ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினாள்.

"அவன் ஹாரன் அடிக்கறது காதுல வுழுந்துகினேதான் இருந்துச்சி. போச்சு, எல்லாம் போச்சுன்னு உள்ளுக்குள்ள ஒரே பயம். ஆனா காலு நவுரல. அது பாட்டுக்கு வருதுடி, அவ்ளோ அழகா. இன்னா பண்ணச் சொல்ற?" உடனே, "கொழந்த சாப்டுச்சா? நீ சாப்டியா?" என்றாள்.

அம்மாவுக்குக் கவலையே கிடையாது, அதனால்தான் அவளால் அப்படி நிற்க முடிந்தது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். அன்று அவளுக்கு இப்போதைய என்னைவிட வயது குறைவு.

போனை வைத்த பிறகும் என் மணிக்கட்டில் அந்தக் கை இருந்தது. முகம் சிரித்துக்கொண்டிருக்க, கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் குளிர்கிறது என்று நினைத்தேன். அந்தத் தண்ணீர் குளிரவே இல்லை.