ஐஸில் கிடந்த புஷ்

விரல் நுனியளவே இருந்த அந்த வெண்கல வளையத்தின் வெளிப்புறத்தை எமரித்தாளால் தேய்த்தவன் நான். பழியைச் சுமந்தவர் வேறொருவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் காரணங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு பட்டறை முதலாளி, விமானப் பித்துப் பிடித்தவர், தன் கொட்டகையிலேயே இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். வரைபடங்கள் என்னுடையவை, அங்கே பட்டம் பெற்றவன் நான் ஒருவன்தான். கடைசல் வேலை முழுக்க பாயுடையது. கிருஷ்ணகிரிக்காரர், ஏழாம் வகுப்போடு லேத்துக்கு வந்தவர். இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகையைத் தாங்கும் கீல்களுக்கு அவர்தான் புஷ், அதாவது துளைக்குள் இறங்கும் வெண்கல வளையம், கடைந்தார். கீலின் துளையைவிட புஷ் ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். அதை ஐஸில் புதைத்துச் சுருங்க வைத்து, எடுத்த கையோடு அழுத்தி இறக்குவார். குளிர் விட்டதும் அது கீலை இறுகப் பிடித்துக்கொள்ளும். "நிக்காஹ் பண்ணி வெச்ச மாதிரி சார், எங்கயும் போவாது" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அப்படி இறக்கும்போது ஒரு கீல் விரிசல் விட்டது. அதன் சுவரை மெல்லியதாக வரைந்தவன் நான். பாய் என்னைப் பார்த்துவிட்டு, உடைந்த கீலை ஓரமாக வைத்தார். மாற்றுக் கீல் ஒன்றுதான் மிச்சம். ஞாயிறன்று விமானத்தைத் தரையில் ஓட்டிக்காட்டப் போவதாக முதலாளி ஊரைக் கூட்டியிருந்தார். இதுவும் விரிசல் விட்டால் என் வரைபடம் சந்தி சிரிக்கும். பாய் புதிதாக ஒரு புஷ் கடைந்து, அளந்து, ஐஸில் வைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனார். அவர் திரும்புவதற்குள், இறுக்கம் குறைந்தால் கீல் தப்பிக்கும் என்று அதை எடுத்துத் தேய்த்தேன். ஐஸிலேயே திரும்ப வைத்தேன்.

அவர் வந்து இறக்கியபோது வழுக்கிக்கொண்டு போனது.

"இன்னா சார், இவ்ளோ சுளுவா போயிருச்சு?"

"ஐஸ் நல்லா ஏறியிருக்கு பாய்."

தலையாட்டினார். என் படிப்பின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிறன்று சானமாவுப் பக்கம், முதலாளியின் நிலத்தில், விமானம் வேகமெடுத்ததும் புஷ் கழன்று நகர்ந்து பலகையைச் சிக்கவைத்தது. ஓர் இறக்கையைக் காற்று தூக்க, மற்றது மண்ணை உழுதது. முதலாளிக்குத் தோளெலும்பு முறிந்தது. பாய் அந்த புஷ்ஷை எடுத்துவந்து இரண்டு முறை அளந்தார்.

"அளவு கம்மி. நான் கடைஞ்சதுதான் மொதலாளி."

அதுவரை 'வாங்க பாய்' என்றே அழைத்த முதலாளி, வலியோடு கன்னடத்தில் "ஹோகோ" என்றார். போடா என்று. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

'ஏரோப்ளேன் பாய்' என்ற பெயர் தொழிற்பேட்டை முழுக்கப் பரவியது. "எங்க லேத்தயும் பறக்க வுடப்போறியா பாய்?" என்று டீக்கடையில் கேட்டார்கள். சில மாதங்களில் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

பத்து வருடம் கழித்து, முதலாளி இறந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இதையும் ஒப்புக்கொள்கிறேன். குருபரப்பள்ளியில், நெடுஞ்சாலை ஓரத்தில், பாய் பஞ்சர் கடை வைத்திருந்தார். டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"என் கைதான் தப்பிருச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன் சார். கிருஷ்ணகிரியில லேத்துக்குக் கூப்ட்டாங்க. நான்தான் போவுல."

நண்பர் பட்டறையில் அவருக்கு வேலை பேசி வைத்திருப்பதாகச் சொன்னேன். "இப்ப கண்ணு சரியா தெரியறதில்ல சார்" என்றார்.

உள்ளிருந்து அவர் மனைவி ஒரு நோட்டோடு வந்தார். "வாயால சொன்னா காத்தோட போயிரும். எழுதிக் குடுங்க."

புஷ்ஷைத் தேய்த்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வாங்கிப் படித்த அந்தம்மா திருப்பி நீட்டினார். "படிப்பையும் போடுங்க." பெயருக்குப் பின்னால் பி.இ. என்று சேர்த்தேன்.

அடுத்த முறை போனபோது, அந்தத் தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் கடைச் சுவரில் தொங்கியது. சக்கரம் கழற்றக் காத்திருந்த ஒரு லாரி டிரைவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார்.

"யாரு பாய் இந்தாளு? இன்னும் உசுரோட இருக்கானா?"

பாய் ஸ்பானரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றேன்.