எட்டு வருடக் கை

லீலண்ட் ப்ரூசெக் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை. எங்கள் ஒஹையோ பேஸ்பால் கிளப்பில் அவருக்கு வேலை, பந்தெறிகிற பிட்சர்கள் ஆட்டத்துக்கு முன்னால் கை சூடாக எறிகிற பந்துகளைக் குந்தியிருந்து பிடிப்பது. இருபத்தோரு வருடம் அதைத்தான் செய்தார். இடது கட்டைவிரல் இரண்டு முறை முறிந்தது. நான் அங்கே ஆட்டக்காரர்களின் உடைகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டை இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.

டோபின் ஹார்லன் எங்கள் நட்சத்திரப் பிட்சர். முப்பது வயது. அந்த ஆகஸ்டில் அவன் பந்து கையுறையில் விழும் விதம் மாறிவிட்டதை முதலில் உணர்ந்தவர் லீலண்ட்தான். எறிந்து முடித்ததும் அவன் முழங்கையைத் தேய்ப்பதையும் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதே கிழவா," என்றான் டோபின். "பனிக்காலம் முழுக்க ஓய்வு எடுத்தா சரியாயிடும். பெரிய ஒப்பந்தம் போட எனக்கு இது ஒண்ணுதான் சான்ஸ்."

நவம்பரில் மேலாளர் ஃபெல்டன் லீலண்டைக் கூப்பிட்டார். "நாலு வருஷமா அவன் பந்தைப் பிடிக்கிறே. கை எப்படி?"

"நல்லா இருக்கு சார்."

ஸ்கேனில் தெரிந்த தேய்மானம் எல்லா பிட்சருக்கும் இருப்பதுதான் என்று டாக்டரும் எழுதிக் கொடுத்தார். எட்டு வருட ஒப்பந்தம், இருபத்து நாலு கோடி டாலர். அவன் எறிந்தாலும் எறியாவிட்டாலும் கொடுத்தே தீரவேண்டிய பணம். ஊரே கொண்டாடியது.

இரண்டாம் வருடம் ஏப்ரலில், ஒரு பந்தை எறிந்துவிட்டு டோபின் கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். முழங்கைத் தசைநார் அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து பதினைந்து மாதம் கழித்துத் திரும்பினான். ஒன்பதாவது ஆட்டத்தில் தோள் போனது. ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து வருடம் பாக்கி.

கிளப் நல்ல ஆட்டக்காரர்கள் மூவரை விற்றது. பிறகு எங்கள் வேலைகளில் கை வைத்தார்கள். முதலில் போனவள் சமையல்காரி மார்வா. பத்தொன்பது வருடம் அங்கே முட்டை பொரித்தவள். அவள் தன் வாணலிகளைப் பெட்டியில் அடுக்கியபோது லீலண்ட் உதவி செய்தார். நேராக ஃபெல்டனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

ஃபெல்டன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீ சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருப்பேனா? இன்னும் ரெண்டு கிளப் பேனாவோட வாசல்ல நின்னுச்சு. போய் வேலையைப் பாருய்யா."

வெளியே வந்து என்னிடம் அதைச் சொன்னார். "திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லடா," என்றார்.

டோபின் தானாக விலகினால் மிச்சப் பணம் போய்விடும். அதனால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்று ஊர் காறித் துப்பியது. தினமும் காலையில் பயிற்சித் திடலில் அவன் எறிவான், லீலண்ட் பிடிப்பார். "எப்படி இருக்கு?" என்பான். "வருது, வருது," என்பார் இவர்.

ஒருநாள் லீலண்ட் எழுந்து முகமூடியைக் கழற்றினார். "தம்பி, வரல. இனிமேலும் வராது. அன்னைக்கே நான் வாயைத் திறந்திருக்கணும்."

டோபின் பந்தைக் கையில் உருட்டினான். "எல்லாரும் காசுக்குன்னு நினைக்கிறாங்க. பேரப்பிள்ளைங்க வரைக்கும் கிடக்கு காசு. காலைல எழுந்தா வேற என்ன செய்யறதுன்னு தெரியல லீ. குந்து. இன்னும் ஒண்ணு."

லீலண்ட் குந்தினார். பந்து பாதி வழியிலேயே மண்ணில் விழுந்து உருண்டது. இருவருமே அதை எடுக்கப் போகவில்லை.

அக்டோபரில் லீலண்டுக்கும் கடிதம் வந்தது, நான்கே வரி. டோபின் ஒப்பந்தம் முடியும்வரை வலையைப் பார்த்துத் தனியாக எறிந்துகொண்டிருந்தான். அதன் பிறகு ஒரு ஆட்டத்திலும் அவன் இறங்கவில்லை.

போன குளிர்காலம் லீலண்டைப் பார்க்கப் போயிருந்தேன். தொலைக்காட்சியில் வேறொரு கிளப் இருபத்தேழு வயது பிட்சர் ஒருவனுக்கு ஒன்பது வருட ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த செய்தி ஓடியது. லீலண்ட் திரைக்கு அருகே போனார்.

"எறிஞ்சு முடிச்சதும் கையை எப்படித் தொங்க விடறான் பாரு! டேய், பாருடா!"

அந்தக் கிளப்பின் பொது எண்ணைத் தேடி அழைத்தார். இருபது நிமிடம் காத்திருந்தார். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள், நன்றி சொன்னாள். பிறகு அடுத்த பருவத்துக்கு டிக்கெட் வேண்டுமா என்றாள்.