மலைமேல் ஏசி டெஸ்ட் பண்ணாதீர்கள்

ரெஃப்ரிஜரேஷன் டிப்ளமா முடித்தவன் கொடைக்கானலில் வேலைக்குச் சேர்ந்தால் என்ன செய்வான்? பழைய ஃப்ரிட்ஜுக்குப் பெயிண்ட் அடிப்பான். நான் அடித்தேன். பள்ளிக்கூடத்துக் கிச்சன் ஃப்ரிட்ஜ், ஹோட்டல் ஃப்ரீசர், இதுதான் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் சோலி. ஊரே குளிரில் நடுங்கும்போது ஏசி என்று யார் வரப் போகிறார்கள்?

வந்தார் ஒருவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம், பஜாரில் தைலக் கடை வைத்திருந்த ஜமால் பாய் ஒரு மோட்டார் ஹோமை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. உள்ளே கட்டில், அடுப்பு, ஜெனரேட்டர். கூரைமேல் ஏசி! பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"கூலிங் நின்னு போச்சுப்பா. நாளைக்கு வெள்ளனே தம்பிய மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றார் பாய்.

தம்பி ஹமீது, டெய்லர் வேலை செய்தவர். அவருக்கு நரம்பில் ஏதோ நோய். உடம்பில் சூடு ஏறினால் கால் சொன்னபடி கேட்காது. போன தடவை பஸ்ஸில் போனபோது, மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் சீட்டை விட்டு எழ முடியாமல் நாலு பேர் தூக்கி இறக்கினார்களாம். அதற்குப் பிறகு மலையை விட்டு இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வைத்தியமும் நின்றுபோனது. இந்த ஏசியைக் காட்டித்தான் பாய் அவரைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

கையை வைத்துப் பார்த்தது

முதலாளி ஆரோக்கியம் அண்ணன் உள்ளே ஏறி, சுவிட்சைப் போட்டு, காற்று வரும் இடத்தில் கையை வைத்தார்.

"என்ன பாய், ஐஸ் மாதிரியில்ல வருது!"

"அண்ணே, அது ஏசி காத்து இல்ல. கொடைக்கானல் காத்து" என்றேன். "ஃபேன் மட்டுந்தான் ஓடுது. கம்ப்ரஸர் சத்தத்தையே காணோமே."

"ஏலே டிப்ளமா, அப்ப நீயே பாரு."

ஏசிக்குள் தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே போதுமான குளிர் வந்ததும் கம்ப்ரஸரை நிறுத்துவது அதன் வேலை. எங்கள் ஊரிலோ அதற்கு எப்போதும் போதுமான குளிர்தான், கம்ப்ரஸரை ஓடவே விடாது. நான் கிரில்லைக் கழற்றி, சூட்டை அறியும் அதன் பல்பை உள்ளங்கையில் பொத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை, என் கையே சில்லிட்டிருந்தது. டீக்கடைக்கு ஓடி, ஒரு துணியை வெந்நீரில் நனைத்துக் கொண்டுவந்து பல்பைச் சுற்றினேன். டக் என்றது. கம்ப்ரஸர் உறுமியது.

"முடிஞ்சது சோலி. கெளம்புங்க பாய்" என்றார் அண்ணன்.

"இல்ல அண்ணே. பாய் சும்மாவா வண்டியைக் கொண்டாந்தாரு? எங்கயோ நின்னுருக்கு. வெயில்ல ஓடுதான்னு பாக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப நீயும் கூடப் போ. பெயிண்டாவது நிம்மதியாக் காயும்."

இறக்கம்

மறுநாள் காலை இறங்கினோம். பாய் ஓட்டினார். கட்டிலில் படுத்திருந்த ஹமீது, போர்வைக்கு வெளியே கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டே வந்தார். நான் பார்ப்பதைக் கண்டு, "இதான் என் தெர்மாமீட்டர். இது நின்னா வண்டியத் திருப்பச் சொல்லிருவேன்" என்றார்.

மலைப்பாதையில் டம்டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னால், காற்றில் சூடு ஏறியதும் கம்ப்ரஸர் தானாகவே ஓட ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடிவாரத்தில் காட்ரோடு வந்தது. அங்கே கம்ப்ரஸர் பட்டென்று நின்றது. அனல் காற்றுதான் வந்தது.

சுவிட்சை அணைத்துப் போட்டேன். ம்ம்ம் என்று முனகி மறுபடி கட் ஆனது. ஹமீதின் விரலைப் பார்த்தேன். மெதுவாகத்தான் அசைந்தது.

"திருப்பு அண்ணே" என்றார் ஹமீது. "வீட்டுக்கே போயிருவோம். இனி என்னை யாரும் கூப்பிடாதீங்க."

பாய் வண்டியை ஓரமாக நிறுத்தினார். திருப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"பாய், மொதல்ல கூலிங் எங்க நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"கீழ்மலைல, ஆடலூர்ல. சம்பந்தி தோட்டத்துல நிறுத்தி, சொந்தக்காரங்கள எல்லாம் உள்ள உக்கார வச்சு ஏசி போட்டுக் காட்டுனேன்."

"வெயில்லயா?"

"மரத்தடிலதான். பெரிய இலவ மரம்."

"காய் வெடிச்சிருந்துச்சா?"

"பஞ்சு பறந்துச்சே. பிள்ளைக புடிச்சு வெளையாடுச்சுக."

அவர் முடிப்பதற்குள் நான் கூரைமேல் இருந்தேன். தகரம் உள்ளங்கையைச் சுட்டது. மூடியைக் கழற்றினால், கண்டென்ஸர் முழுக்க இலவம் பஞ்சு! ஒரு தலையணைக்குத் தாராளமாகக் காணும். உள்ளே எடுத்த சூட்டை வெளியே தள்ளுவது கண்டென்ஸர்தான். பாய் அதற்கு மெத்தை போட்டு மூடியிருந்தார். பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். இடுக்கில் இருந்ததை என் சட்டைப்பை சீப்பால் வாரி எடுத்தேன்.

கீழே பாயின் கை சுவிட்சுக்குப் போவதை மேல் துவாரம் வழியாகப் பார்த்துக் கத்தினேன். "தொடாதீங்க பாய்! கம்ப்ரஸர் சூடா கெடக்கு. இப்பப் போட்டா மறுபடியும் கட் ஆகும். ஆறட்டும்."

உள்ளே வந்து உட்கார்ந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. என் சர்வீஸில் அதைவிடக் கஷ்டமான வேலை எதையும் நான் செய்ததில்லை. பாய் ஈரத் துண்டால் தம்பியின் காலைச் சுற்றினார். விரல் நின்றுவிட்டிருந்தது.

"வெரசா போடேன்ப்பா" என்றார் ஹமீது.

"அதுக்குச் சூடு ஆறணும்ண்ணே."

"எனக்கும்தான் ஆறணும்." பிறகு என் முழங்காலைப் பார்த்தார். "என் ரெண்டு காலுக்கும் சேத்து நீ ஒருத்தனே ஆட்டுறியேடா."

மேலே ஏறி ஏறி கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்த்தேன். கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தபோதுதான் இறங்கி சுவிட்சைப் போட்டேன். உறுமியது. நிற்கவில்லை. மறுபடி கூரைக்கு ஏறிக் கையை நீட்டினேன், அனல் வெளியே அடித்தது. உள்ளே குளிர் வரத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஹமீதின் பெருவிரல் மெல்ல அசைந்தது. பாய் மெல்லக் கேட்டார்: "தம்பி, திருப்பவா?"

"மெட்ராஸுக்கு எடு அண்ணே. இங்கயே நின்னா இவன் காலாட்டியே வண்டியக் கவுத்துருவான்."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கூலிங் இல்லை என்று யாராவது வந்தால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். எந்த ஊரில் நின்றது, எந்த மரத்தடியில் நின்றது என்று முதலில் கேளுங்கள்.