கடற்கன்னியின் பொட்டு

கடற்கன்னி வேடத்தில் வாவியில் நீந்தி யூடியூப் சேனல் தொடங்கப்போவதாகச் சொல்லி, ஒரு பெண் என் தோணியை வாடகைக்குக் கேட்டு வந்தார். பச்சை வாலை அவரே தைத்திருந்தார். அதற்குள் கால்களை நுழைத்தால் நடக்க முடியாது. நானும் அவர் கணவரும் தூக்கித்தான் தோணியில் ஏற்றினோம்.

குளியலறைக் கண்ணாடியில் ஒட்டுவதுபோல, மாற்று ஒட்டுப்பொட்டுகளைத் தோணியின் உள்பலகையில் ஒட்டி வைத்திருந்தார். மூழ்கி எழும்போதெல்லாம் முதலில் நெற்றியைத்தான் தடவினார். வாலை அழகாக வீசி வந்த ஒரு காட்சியையும், பொட்டு விழுந்துவிட்டதென்று, படம் பிடித்துக்கொண்டிருந்த கணவரிடம் அழிக்கச் சொன்னார்.

“கடற்கன்னிக்கு என்னத்துக்குத் தங்கச்சி பொட்டு?” என்றேன்.

“எங்கட வாவிக் கடற்கன்னி வெறும் நெத்தியோட இரிப்பாளா அண்ணன்?”

போகும்போது ஒரு பொட்டை எடுக்க மறந்துவிட்டார். தோணியைக் கழுவும்போது அந்த இடத்தை மட்டும் நான் தேய்ப்பதில்லை.